எல்லோருக்கும் எட்டிய தாழ்ப்பாள்

எங்கள் வீட்டு வாசல் கதவின் தாழ்ப்பாள் என் நெஞ்சு உயரத்துக்கு இறங்கி வந்த வருஷம்தான் எனக்குத் தூக்கம் கெட்டது. அதற்கு முன்பும் நான் ஒன்றும் தைரியசாலி இல்லை. சிலிண்டரை மூடினார்களா, நைனா ஹெல்மெட்டை எடுத்துப்போனாரா, தம்பி மூக்கில் பட்டாணி எதையும் போட்டுக்கொண்டானா என்று வீட்டுக் கவலைகளை யாரும் கேட்காமலே தலையில் தூக்கி வைத்துக்கொள்கிற பிள்ளை நான். இதுக்கு வயசு ஒம்பது இல்லை, தொண்ணூறு என்று அம்மா அலுத்துக்கொள்வாள். அவள் மட்டும் என்ன, என்னைவிட ஒரு படி மேல்தான். விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்?

அப்போது நாங்கள் மந்தைவெளியில் ஒரு சந்துக்குள் தரைத்தளத்துப் போர்ஷனில் இருந்தோம். நைனாவுக்குக் கோடம்பாக்கத்தில் சினிமா செட் போடுகிற தச்சு வேலை. கோயில் வேண்டுமா, கோர்ட்டு வேண்டுமா, ஒட்டுப்பலகையிலும் சட்டத்திலும் நாலு நாளில் நிற்க வைத்துவிடுவார். முன்பக்கம் பார்த்தால் அரண்மனை, பின்பக்கம் போனால் முட்டுக்கட்டை. படம் பிடித்து முடிகிற வரைக்கும் நின்றால் போதும் என்பது அந்தத் தொழிலின் தர்மம். அந்த தர்மத்தோடுதான் அவர் எங்கள் வீட்டையும் மாற்றி அமைக்க ஆரம்பித்தார்.

காரணம் அத்தை. நைனாவின் ஒரே தங்கை. ஒரு பஸ் விபத்துக்குப் பிறகு அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாமல் போய்விட்டது. சக்கர நாற்காலிதான் அவளுக்குக் கால். அதை எங்கள் வீட்டில் வண்டி என்று சொல்வோம். பெரியப்பா குடும்பத்தோடு ஆற்றோரத்துக் குடிசையில் இருந்தாள். அரசாங்கம் அதை இடித்து ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு கொடுத்தபோது இவர்களுக்குக் கிடைத்தது மேல்மாடி. லிஃப்ட் ஓடுகிற நாளில் கீழே போக ஆள் துணை வேண்டும், ஓடாத நாளில் போகவே வேண்டாம். துணைக்கு வருகிறவர்கள் சும்மாவா வருவார்கள்? எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய், இப்போதே போக வேண்டுமா என்று கேட்டுக்கொண்டுதான் செருப்பைத் தேடுவார்கள். கேள்விக்குப் பதில் சொல்லிச் சலித்துப்போய் அவள் வெளியே போவதையே விட்டுவிட்டாள் என்று நைனா ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அம்மாவிடம் சொன்னார். சொல்லிவிட்டு, கை காயக் காய வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை எங்கள் வீட்டில் இருந்தாள்.

வாசல் படிக்கட்டின் மேல் நைனா போட்ட முதல் சரிவுப் பலகை பார்க்கப் பிரமாதமாக இருந்தது. கருங்கல்லைப் போலவே சாயம் அடித்து, ஓரத்தில் யாளி முகம் வைக்காத குறை. அத்தை அதில் பாதி ஏறியதும் வண்டி பின்னோக்கி உருண்டு, எதிர்வீட்டு இஸ்திரிக்காரரின் தள்ளுவண்டியில் முட்டி நின்றது. நான் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. அத்தை மட்டும் சிரித்தாள். உனக்கு கேமராவுக்குத்தான் சரிவு போடத் தெரியும், என்னை ஒரு வார்த்தை கேட்டியா என்று நைனாவைக் கேலி செய்தாள். அதன்பிறகு அவர் அவளைக் கேட்டுக் கேட்டுத்தான் செய்தார். சுவரை ஒட்டி நீளமாக, முதுகு வலிக்காத சரிவு ஒன்று சிமென்ட்டில் வந்தது. குளியலறை வாசல் அகலமானது, அதன் மேட்டுப்படி காணாமல் போனது. ஸ்விட்சுகள் கீழே இறங்கின.

அத்தைக்காகச் செய்தது என்றுதான் பெயர். அந்தச் சரிவில் அத்தையைவிட தண்ணீர் கேன்காரர்தான் அதிகம் ஏறி இறங்கினார். மாடிவீட்டுப் பிள்ளைத்தாய்ச்சி அக்கா படியை மறந்தே போனாள். மேட்டுப்படி போனதில் அம்மாவின் கால் கட்டைவிரல் பிழைத்தது. ஸ்டூல் இல்லாமல் ஃபேன் போட முடிந்ததில் எனக்கும் உள்ளூரப் பெருமைதான். இவ்வளவு நாள் இந்த வீட்டை யாருக்காகக் கட்டி வைத்திருந்தார்கள் என்று அத்தை கேட்டபோது, உயரமான ஆம்பளைக்காகத்தான் என்று அம்மா சொன்னாள். அன்றைக்குத்தான் நாத்தனாரும் அண்ணியும் சேர்ந்து சிரித்து நான் பார்த்தது.

கடைசியாக இறங்கியது தாழ்ப்பாள். கதவின் உச்சியில் இருந்ததைக் கழற்றி, அத்தை உட்கார்ந்தபடியே எட்டுகிற இடத்தில் மாட்டினார். அவளுக்கு விரல்களில் வலு குறைவு என்பதால் தண்டைத் தேய்த்து, எண்ணெய் விட்டு, ஒரு விரலால் தள்ளினால் போகிற அளவுக்கு ஆக்கினார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. தம்பி அப்போதுதான் நடைவண்டியைப் பிடித்து ஓடப் பழகியிருந்தான்.

"அவனுக்கே எட்டுது பாரு. தொறந்துக்கினு ரோட்டுக்குப் போய்ட்டான்னா இன்னா பண்ணுவ?" என்றாள்.

வீட்டில் ஆள் இல்லையா, பார்த்துக்கொள்ள மாட்டோமா என்று நைனா தட்டிவிட்டார். எனக்கு அது போதவில்லை. அன்றிலிருந்து கதவை ஒரு கண்ணாலும் தம்பியை ஒரு கண்ணாலும் பார்த்துக்கொண்டு திரிந்தேன். வாய்ப்பாடு எழுதும்போது எழுந்துபோய்த் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டு வருவேன். குளிக்கும்போது காது முழுக்க வாசலில்தான் இருக்கும். ஆனால் அத்தை வேறு ஆளாகிக்கொண்டிருந்தாள். முனையில் இருந்த தையல்கடையிலிருந்து புடவைகளை வாங்கிவந்து ஃபால்ஸ் தைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். போகும்போது "தோ வரேன்" என்பாள், அவ்வளவுதான். தாழ்ப்பாள் நகரும், வண்டி இறங்கும், எங்கே என்று கேட்பதற்குள் சந்து திரும்பியிருப்பாள். சில நாள் புடவை இல்லாமலும் போவாள். திரும்பி வரும்போது மடியில் ஒரு முழம் கதம்பமோ, ஒன்றுமே இல்லாமலோ இருக்கும்.

அம்மா பயந்தது ஒரு மத்தியான வேளையில் நடந்தது. அம்மா பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அத்தை உள்ளறையில் ஊசியும் நூலுமாக இருந்தாள். பள்ளிக்கூடம் விடுமுறை. ஈயம் ஒடிந்த பென்சிலைச் சீவப் போன நான் திரும்பி வந்தபோது வாசல் கதவு திறந்து கிடந்தது. தம்பி இல்லை.

பின்கட்டுக்கு ஓடி அம்மாவின் ஈரக்கையைப் பிடித்து இழுத்தேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. சோப்பு நுரையோடு தெருவுக்கு ஓடினாள். பஸ் போகிற பெரிய சாலைப் பக்கம் அவள் ஓட, இஸ்திரிக்காரர் குளத்துப் பக்கம் ஓட, மாடிவீட்டு அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிவில் நின்று அவன் பெயரைக் கூப்பிட்டாள். குளம் என்ற வார்த்தையை யாரோ சொன்னதும் நான் கதவுக்கு ஓடித் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டேன். நான் தொட்டுப் பார்த்த தாழ்ப்பாள்தானே, எப்படித் திறந்தது என்று அதே நினைப்பு திரும்பத் திரும்ப ஓடியது.

அத்தை வாசலுக்கு வந்துவிட்டிருந்தாள். அவன் நடைவண்டி எங்கே என்று கேட்டாள். தேடினேன், அதையும் காணோம்.

"வண்டிய தள்ளிக்கினு தானே போய்க்கீறான்? அப்ப வண்டி ஏறாத எடத்துல அவன் இருக்க மாட்டான். வா என்கூட" என்றாள்.

சரிவின் அடியில் நின்று தெருவைப் பார்த்தாள். இடது பக்கம் வேகத்தடை இருந்தது, அதைத் தாண்டிச் சாக்கடைப் பலகை பெயர்ந்து கிடந்தது. அங்கே வண்டி போகாது என்று வலது பக்கம் திரும்பினாள். நான் தள்ளப் போனேன். தள்ளாதே, கண்ணைத் திறந்துகொண்டு கூட வா என்றாள். மருந்துக்கடைக்குப் படி உண்டு, விட்டுவிட்டாள். மாவு மில்லுக்கு உயரமான மேடை, அதையும் விட்டுவிட்டாள். நாங்கள் தினமும் நடக்கிற தெருதான் அது. எங்கெல்லாம் படி இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. அத்தை நின்று யோசிக்கவே இல்லை. கல்யாண மண்டபத்தின் முன்வாசலைக்கூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே பளிங்குப் படிகள். பக்கத்துச் சந்தில் நுழைந்து பின்வாசலுக்குப் போனாள். அண்டாக்களைத் தள்ளிக்கொண்டு போவதற்காக அங்கே மட்டும் ஒரு சரிவு இருந்தது. எங்கள் சொந்தத்தில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு எல்லோரும் முன்வாசலில் சந்தனமும் கல்கண்டும் எடுத்துக்கொண்டு போனபோது, அவளை அந்த வழியாகத்தான், காய்கறித் தோலுக்கு நடுவே உள்ளே அழைத்துப்போனார்களாம். இதைப் பிறகுதான் அம்மா சொல்லிக் கேட்டேன்.

தம்பி அங்கேதான் இருந்தான். சமையல்காரர்கள் நடுவில், கவிழ்த்த குண்டானின் மேல், ஆளைவிடப் பெரிய அப்பளத்தோடு உட்கார்ந்திருந்தான். யார் வீட்டுப் பிள்ளையோ, அழவும் இல்லை, பெயரும் சொல்லவில்லை, பந்தி முடிந்ததும் விசாரிக்கலாம் என்றிருந்தோம் என்றார் ஒரு பெரியவர். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அத்தை அவனை மடியில் வாங்கி இறுக்கிக்கொண்டாள். நான் நடைவண்டியை இழுத்துக்கொண்டு பின்னால் வந்தேன்.

அம்மா அவனை அடித்தாள், முத்தம் கொடுத்தாள், மறுபடியும் அடித்தாள். அத்தையின் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நைனா சட்டையெல்லாம் மரத்தூளோடு ஓடிவந்தபோது வீடு அமைதியாகிவிட்டிருந்தது. அவர் கதவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். தாழ்ப்பாள் பக்கம் மட்டும் கண் போகவில்லை.

"மேல ஏத்திடு ண்ணா" என்றாள் அத்தை.

அவளே சொல்லிவிட்டதால் வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நைனா உடனே திருப்புளியை எடுத்தார். இழுத்துவிட்டால் சுவரே கதவாகத் திறக்கிற மாதிரி அரண்மனை செய்கிற கை அது. அத்தைக்குத் திறந்து தம்பிக்குத் திறக்காத ஒரு தாழ்ப்பாளை அது நினைத்திருந்தால் செய்திருக்கும் என்று இன்றைக்கு எனக்குத் தோன்றுகிறது. அன்று யாருக்கும் அப்படித் தோன்றவில்லை. பயந்துபோன வீட்டில் எல்லோரும் பழைய ஓட்டைகளைத்தான் தேடுவார்கள். கதவின் உச்சியில் அவை அப்படியே இருந்தன. திருகாணி ஒவ்வொன்றாக இறங்க இறங்க என் பயமும் அடங்கியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு.

அந்த வாரமே ஒரு சாயங்காலம். அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அத்தை உள்ளறையிலிருந்து வந்து கதவருகே வண்டியை நிறுத்தினாள். புடவை எதுவும் மடியில் இல்லை. தலை வாரிப் பொட்டு வைத்திருந்தாள்.

"கதவ கொஞ்சம் தொறந்து வுடு கண்ணு."

பொறுப்பான பிள்ளை இல்லையா, நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். தாழ்ப்பாளில் கை வைத்தபடி அவளைப் பார்த்துக் கேட்டேன்.

"எங்க போற அத்தே?"

அவள் கதவையே பார்த்திருந்தாள். அந்தக் கேள்வி வேண்டாம் என்றுதான் அவள் எங்கள் வீட்டுக்கே வந்தாள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. காதில் விழவில்லையோ என்று நினைத்து இன்னொரு தரம் கேட்டேன். எப்போது வருவாய் என்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

"எங்கியும் போல. வுடு" என்று அத்தை வண்டியைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

போகவில்லை என்றாளே, நல்லதாகப் போயிற்று என்றிருந்தது எனக்கு. தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு, ஸ்டூலிலிருந்து இறங்கி, விட்ட இடத்திலிருந்து கணக்கை எழுதத் தொடங்கினேன்.