ஏழாவது பெயர்

பக்கவாதம் வந்து ஈப்போ ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்துவிட்டு மாமா தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பியபோது, அவரிடம் மிஞ்சியவை மூன்று என்று நான் எண்ணி வைத்திருந்தேன்: இடது கை, சிரிப்பு, "சரி சரி" என்ற சொல். பசித்தாலும் சரி சரி, கோபம் வந்தாலும் சரி சரி. பேச்சு போனவர்களுக்கு அதைத் திரும்பப் பழக்கலாம் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. இன்று என் வேலையே அதுதான். அன்று எனக்கு வயது ஒன்பது.

மாமா என் அப்பாவின் அக்காளைக் கட்டியவர். ரப்பர் தோட்டத்து மண்டோர், அதாவது கங்காணி. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று, புத்தகத்தைப் பார்க்காமலே முப்பத்தெட்டு ஆள்களின் பெயரையும் வரிசையாகக் கூப்பிடுவார். அதில் ஏழாவது அத்தை. வீட்டில் அத்தைக்கு "இந்தா" மட்டும்தான். அவளுடைய பெயர் மாமாவின் வாயில் வந்ததெல்லாம் பெரட்டில்தான்.

ஒருநாள் வாசலில் ரப்பர் பால் பிடிக்கும் மங்குகளை வரிசையாக அடுக்கி நான் பெரட்டு விளையாடினேன். "காளியப்பன்!" என்று கத்தினேன். "முனியம்மா! ராமாயி!" என்று முதுகுக்குப் பின்னால் பழைய மண்டோர்க் குரல் எழுந்தது. ஒரு தடங்கல் இல்லை. கடைசிப் பெயர்வரை மாமா கூப்பிட்டு முடித்தார்.

லயமே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணன், "டாக்டர்கிட்ட எம்.சி. லீவு வாங்க நல்லா நடிச்சீங்க லா, மண்டோரே!" என்று சிரித்தார்.

அத்தை சிரிக்கவில்லை. "ஊரு பேரெல்லாம் வருதில்ல? எங்க, என் பேரைச் சொல்லுங்க பாப்போம்."

மாமா உதட்டைக் குவித்தார். நெற்றி நரம்பு புடைத்தது. "சரி… சரி…" என்றார். அதற்குமேல் கண்ணீர்தான் வந்தது.

"என்னையத் தெரியல இவருக்கு," என்று சொல்லிவிட்டு அத்தை உள்ளே போய்விட்டாள்.

"மொதல்லேர்ந்து ஆரம்பிச்சாத்தான் வரும் அத்தே," என்றேன். அதன்பிறகு தினமும் மாலையில் முதல் பெயரை நான் எடுத்துக் கொடுப்பேன். ஏழாவது பெயர் வரும். நிற்காமல் எட்டு, ஒன்பது என்று ஓடிவிடும். "பேரு அது பாட்டுக்கு ஓடுது. என்னையா கூப்புடுறாரு?" என்பாள் அத்தை, அரிசியைப் புடைத்துக்கொண்டே.

எத்தனையாவது நாள் என்று நினைவில்லை. ஏழாவது பெயர் வந்ததும் அத்தை முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்து நின்று, பெரட்டில் சொல்வது போலவே, "இருக்கேங்க," என்றாள்.

மாமா நிறுத்திவிட்டார். அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டாவது பெயர் வரவில்லை. "சின்னசாமி," என்று எடுத்துக் கொடுத்தேன். அப்போதும் வரவில்லை. இன்னும் உரக்கச் சொன்னேன்.

"சும்மா இருடி," என்றாள் அத்தை, என் பக்கம் திரும்பாமலே.

இருந்ததும் போய்விட்டது, மிச்ச முப்பத்தொரு பெயரும் மாமாவுக்கு மறந்துவிட்டது என்று நினைத்து, நான் குழாயடிக்குப் போய் உட்கார்ந்து அழுதேன்.