மூன்று சாவிப் பாஸ்வேர்டு

இணையதளம் நிறுவுகிற தொழிலில், நிறுவ ஐந்து நிமிடம் ஆகும்; வாடிக்கையாளரிடமிருந்து ஒரு நல்ல போட்டோ வாங்க ஐந்து வாரம் ஆகும். இதைப் படிக்கிறவர்களில் யாராவது இதே தொழிலில் இருந்தால் உங்களுக்கு என் அனுதாபங்கள். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

அரூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் உரக்கடை மாடியில் எனக்கு அலுவலகம். அலுவலகம் என்றால் ஒரு மேசை, ஒரு லேப்டாப், நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள், கீழேயிருந்து படியேறி வரும் பூச்சிமருந்து வாசனை. பாலிடெக்னிக்கில் பத்து வருடம் பாடம் எடுத்துவிட்டு இதற்கு வந்தவள் நான். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஊருக்கே திறந்துவிட்டிருக்கும் ஒரு மென்பொருளை இறக்கி, கல்யாண மண்டபம், கோழிப்பண்ணை, நர்சரி பள்ளி என்று எது வந்தாலும் தளம் போட்டுக் கொடுப்பேன். கீழே இருப்பதெல்லாம் ஒரே வாடிக்கையாளரிடம் நான் பட்டது.

சும்மா கிடைப்பது

சித்தேரி மலையில் சாமை போடும் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். தலைவி சின்னபாப்பா அக்கா, செயலாளர் மல்லிகா, பொருளாளர் பூங்கொடி மூவரும் ஒரு நாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கி மாடி ஏறினார்கள். விஷயத்தை மல்லிகா சொன்னாள். வருடா வருடம் இவர்கள் சாமை கம்பைநல்லூர்ப் பக்கத்து வியாபாரி ஒருவர் சொன்ன விலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இந்த வருடம் பெங்களூரில் சிறுதானியக் கடைகள் நடத்தும் ஒருவர் நேரடியாக வாங்கலாமா என்று யோசிக்கிறார். வெப்சைட் இருந்தால் அனுப்புங்கள், எங்கள் ஆட்கள் கூடிப் பார்த்து முடிவு சொல்கிறோம் என்றிருக்கிறார். அந்தக் கூட்டம் அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை பதினோரு மணிக்கு. தளம் பிடித்துப்போனால் சாமை பெங்களூருக்கு; பிடிக்காவிட்டால் பழையபடி வியாபாரிக்கு.

மென்பொருளுக்குக் காசு கிடையாது, என் வேலைக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்றேன். மூன்று பேர் முகமும் மாறிவிட்டது. காசில்லாத பொருள் எத்தனை நாளைக்கு வரும் என்ற கவலை. பூங்கொடி மேசைக்கு அடியிலெல்லாம் குனிந்து பார்த்தாள், என்ன தேடினாளோ. சின்னபாப்பா அக்காதான் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். "சும்மா குடுத்த மிக்ஸியே எங்க வூட்ல இன்னும் ஓடுதுங்க. இதையும் ஓட்டிப் பாக்கலாம், போடுங்க."

தொப்பி போட்ட அம்மா

மென்பொருளை நிறுவி, டெம்ப்ளேட் என்கிற தயார் வடிவம் ஒன்றைப் போட்டதும் மாதிரிப் படம் ஒன்று தானாக வந்து நிற்கும். இந்த முறை வந்தது, கோதுமைக் காட்டில் தொப்பி போட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு வெள்ளைக்கார அம்மா. இது சும்மா இடத்துக்காக, அப்புறம் எடுத்துவிடுவேன் என்று நான் சொல்வதற்குள், இந்தம்மா எந்த ஊர், களை எடுக்கப்போகிறவள் எதற்குப் பவுடர் போட்டிருக்கிறாள் என்று விசாரணை ஆரம்பமாகிவிட்டது. சரி, உங்கள் போட்டோவையே போட்டுவிடலாம் என்று நானே ஒரு நாள் கேமராவைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினேன்.

சாமைக் காட்டில் வரிசையாக நின்றார்கள். பதினோரு பேர். ஐந்து பேருக்கும் ஆறு பேருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடைவெளி. "கொஞ்சம் ஒட்டி நில்லுங்க" என்று நான்கு தரம் சொன்னேன், யாரும் அசையவில்லை. கேட்டால், ராதா என்று ஒரு பெண் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாளாம். அவள் படத்தை வாங்கி நடுவில் ஒட்டித் தருகிறேன் என்றதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை. வராதவளை வந்த மாதிரி காட்டுவது பொய்யாம். பல் விழுந்த மாதிரி ஒரு போட்டோவை முகப்பில் போட வேண்டியதாயிற்று. "அது அவ எடமுங்க, வந்து நின்னுக்குவா" என்றார் சின்னபாப்பா அக்கா.

எங்களைப் பற்றி

‘எங்களைப் பற்றி’ என்று ஒரு பக்கம் எல்லாத் தளத்திலும் இருக்கும். அதை எழுதித் தரச் சொன்னால் எந்த வாடிக்கையாளரும் தரமாட்டார் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதனால் நானே எழுதி வைத்திருப்பேன். ‘உலகத்தரம் வாய்ந்த’ என்று அது ஆரம்பிக்கும். கோழிப்பண்ணைக்கும் அதுதான், நர்சரி பள்ளிக்கும் அதுதான், இதுவரை யாரும் மறுபேச்சு பேசியதில்லை. மல்லிகா பத்தாவது வரை படித்தவள். திரையில் விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். முதல் வார்த்தையிலேயே நின்றுவிட்டாள். "உலகத்தரம்னு போட்டிருக்கீங்களே, உலகத்துல யாரு மேடம் தின்னு பாத்தது?"

அதை எடுத்துவிட்டு, இந்த வருடம் மழை குறைவு, மணி கொஞ்சம் சிறுத்திருக்கிறது, கல் இல்லாமல் புடைத்துத் தருகிறோம் என்று அவள் சொன்னபடியே அடித்தேன். வியாபாரத்துக்கு இது ஆகாது என்றுதான் அப்போது நினைத்தேன்.

நிர்வாகி யார்?

நிறுவும்போது மென்பொருள் ஒரு கேள்வி கேட்கும்: நிர்வாகி யார்? ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு. எல்லா இடத்திலும் முதலாளி பெயரைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டிருப்பேன். இங்கே அந்த ஒரு கேள்வியில் ஒரு மணி நேரம் போயிற்று. விஷயம் என்னவென்றால், குழுவுக்கு ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறது. அதற்கு மூன்று பூட்டு. மூன்று சாவியும் மூன்று பேரிடம். மூவரும் வந்தால்தான் பெட்டி திறக்கும். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்குக் கூட்டமே கிடையாது. ஆரம்பித்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். ஒருத்தியே திறந்து மூடுகிற எதையும் அவர்கள் தங்கள் பொருளாகவே ஏற்றுக்கொள்வதில்லை.

ஆகவே பாஸ்வேர்டு மூன்று துண்டானது. முதல் துண்டை சின்னபாப்பா அக்கா ஒற்றை விரலில் தட்டும்போது மற்றவர்கள் மின்விசிறியைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அப்புறம் மல்லிகா, அப்புறம் பூங்கொடி. எழுத்துக்குப் பதில் புள்ளி விழும், யாருக்கும் தெரியாது என்று சொன்னேன், இருந்தும் பார்த்தார்கள். மின்னஞ்சல், தளத்தை வைக்க இணையத்தில் வாடகைக்கு எடுத்த இடம் எல்லாவற்றுக்கும் அதே மூன்று துண்டுதான்.

வேலைக்காக எனக்கென்று தனியாக ஒரு நிர்வாகிக் கணக்கு வைத்திருந்தேன். இந்தத் தொழிலில் நாம் எல்லோரும் வைத்துக்கொள்வதுதான். பெங்களூர்க் கூட்டத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் அதை அழித்துவிடச் சொன்னார்கள். ஏதாவது கோளாறு வந்தால் சரிசெய்ய இருக்கட்டுமே என்று மன்றாடிப் பார்த்தேன். பூங்கொடி சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "பொட்டி செஞ்சவரு எங்ககிட்ட சாவி கேக்கலீங்களே, மேடம்."

விரைவில் வருகிறோம்

இனி என் முட்டாள்தனம். தளம் தயாராகும்வரை வெளியாட்கள் பார்க்காமலிருக்க, முன்னால் ‘விரைவில் வருகிறோம்’ என்று ஒரு பக்கத்தை மாட்டி வைப்போம். உள்ளே நுழைந்திருக்கிற நிர்வாகிக்கு அந்தப் பக்கம் தெரியாது. தளம் முழுசாகத் தெரியும். வெள்ளிக்கிழமை எங்கள் நான்கு பேருக்கும் என் லேப்டாப்பில் தளம் பளபளவென்று தெரிந்தது. கைதட்டினோம். நான் என் கணக்கை அழித்தேன், அவர்கள் பஸ் ஏறினார்கள், பெங்களூருக்கு லிங்க் போனது. முன்பக்கத்தைக் கழற்றவேண்டும் என்பது யாருக்கும் நினைவில்லை. யாருக்கும் என்ன, அது என் வேலை, எனக்கு நினைவில்லை.

திங்கள் காலை எட்டரைக்கு பெங்களூர்க்காரர் கூப்பிட்டார். வீட்டில் கன்னடம், வியாபாரத்தில் தமிழ் பேசுகிற மனிதர். நிதானமாகத்தான் பேசினார். "மேடம், விரைவில் வர்றோம்னு மூணு நாளா சொல்லிட்டே இருக்கீங்க. எப்போ வருவீங்க?"

வத்தல்மலையில் காதுகுத்து

அடித்துப்பிடித்து மலைக்குப் போன் போட்டேன். பத்து மணிக்கெல்லாம் சின்னபாப்பா அக்காவும் மல்லிகாவும் என் மாடியில் இருந்தார்கள். பூங்கொடி இல்லை. தன் கூடப்பிறந்த அக்கா மகளின் காதுகுத்துக்கு வத்தல்மலை போயிருக்கிறாள். கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. மூன்றில் இரண்டு துண்டு கையில் இருந்தது, அது ஒன்றுக்கும் உதவாது.

எனக்கு ஒரு வழி தெரியும். பாஸ்வேர்டு மறந்துபோச்சு என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கினால் சின்னபாப்பா அக்காவின் போனுக்கு ஓர் ஓடிபி வரும். அதைப் போட்டுப் புதுப் பாஸ்வேர்டு வைத்துக்கொள்ளலாம். இரண்டு நிமிட வேலை. சொன்னேன். அப்போ பூங்கொடியோட துண்டு என்ன ஆகும் என்று அக்கா கேட்டார். அது செல்லாமல் போய்விடும், சாயங்காலம் அவள் வந்ததும் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம் என்றேன். மணி பத்து இருபது. ஒரு வருடத்துச் சாமை அந்தப் பொத்தானில் இருந்தது. என் தப்புக்கு பன்னிரண்டு பேர் மறுபடி அந்த வியாபாரி முன்னால் போய் நிற்கப்போகிறார்களே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். அக்கா தன் போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டார். "அவ ஊர்ல இல்லாதப்ப பூட்ட ஒடச்சாங்கன்னு நாளைக்கு அவ சொல்லிறக் கூடாது கண்ணு. சாமை போனா அடுத்த வருசம் வெளையும்."

கையில் கொண்டு வந்தவள்

பத்தே முக்காலுக்கு என் போனில் பூங்கொடியே கூப்பிட்டாள். யாரோ சொல்லி, டவர் கிடைக்கிற பாறை வரை ஏறி வந்திருக்கிறாள். அப்பாடா என்று, உன் துண்டை மட்டும் போனில் சொல்லும்மா, யார் காதிலும் விழாமல் நானே அடித்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். பின்னால் மேளச்சத்தம். "சாவியத் தூக்கி எறியற பழக்கம் எங்களுக்கு இல்லீங்க. கையில கொண்டாந்துதான் தொறப்பேன், பஸ்ஸு புடிக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

கூட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது சின்னபாப்பா அக்கா என் போனை வாங்கி பெங்களூர்க்காரரிடம் தானே பேசினார். பெட்டி, மூன்று பூட்டு, வத்தல்மலை, காதுகுத்து எல்லாம் சொன்னார். மன்னிப்புக் கேட்கவில்லை. நான் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அவர் கேட்டது ஸ்பீக்கரில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "தப்பா நெனைக்காதீங்க, சொல்லுங்க. அந்தம்மா வரலேன்னா நெஜமாவே தொறக்க மாட்டீங்களா?"

நடுவில் இருந்த இடம்

பூங்கொடி மாலை மூன்றரைக்கு, பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக, காதுகுத்துச் சாப்பாட்டை ஒரு தூக்கில் நிரப்பிக்கொண்டு வந்து சேர்ந்தாள். மூவரும் வரிசையாகத் தட்டினார்கள், நான் மின்விசிறியைப் பார்த்தேன், தளம் திறந்தது. கூட்டம் எப்போதோ முடிந்திருந்தது. தூக்கைத் திறந்து நான்கு பேரும் சாப்பிட்டோம்.

வியாழக்கிழமை பெங்களூர்க்காரர் முன்கூட்டிச் சொல்லாமல் அரூரில் வந்து இறங்கினார். கூட்டத்தில் காட்ட எதுவும் இல்லாததால், நீங்களே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அவருடைய ஆட்கள் அனுப்பிவிட்டார்களாம். மலைக்கு வழிகாட்ட நானும் போனேன். சாமையை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தார். மணி சிறியதுதான், நீங்கள் எழுதியபடியே இருக்கிறது என்றார். பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார். மூன்று பேர் வந்து மூன்று பூட்டைத் திறந்தார்கள். பாதிச் சாமையை இந்த வருடம் எடுத்துக்கொள்கிறேன், மீதியை அடுத்த வருடம் பார்க்கலாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார். மீதிப் பாதி வியாபாரிக்குத்தான் போயிற்று. ஆனால் இந்த முறை விலையைச் சின்னபாப்பா அக்காதான் சொன்னார்.

கிளம்பும்போது அவர் தன் போனில் தளத்தைத் திறந்தார். முகப்புப் போட்டோவைப் பார்த்து, நடுவில் யார் இடம் காலியாக இருக்கிறது என்று கேட்டார். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கூட்டத்தின் பின்னாலிருந்து, கையில் பச்சைக்குழந்தையோடு ஒரு பெண் விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். "நான்தாங்க அது."

இத்தனை வருடத்தில் நான் நிறுவிய தளங்களில், வேண்டிய நேரத்தில் திறக்காமல் இருந்தே காரியத்தை முடித்துக் கொடுத்தது அது ஒன்றுதான்.