நின்ற இடத்தில் எழுபது

என் கணவர் மலை ஏறும்போது கண்ணைத் திறக்க மாட்டார். அடிவாரம் தாண்டியதும் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினால், போடிமெட்டு தாண்டித் தோட்டத்தில் வண்டி நின்று எஞ்சின் அணைந்த பிறகுதான் திறப்பார். நடுவில் ஆறாவது வளைவில் ஒருமுறை நிறுத்தச் சொல்வார். எதற்கென்று நான் கேட்பதில்லை. ஆண்டவன் அவருக்குக் கொடுத்த வயிறு அப்படி. அதனால்தான் நாற்பத்தாறு வயதில் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். மெட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் ஏலத்தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது என் சோலி.

அதற்கு முன் பதினைந்து வருஷம் ஜீப்பில்தான் போனேன். பத்துப் பேர் ஏறும் ஜீப்பில் பதினெட்டுப் பேர். யாருடைய தூக்குவாளியோ என் விலாவில் இடிக்கும், யாருடைய தலையோ என் தோளில் தூங்கும். காரில் முதன்முதலாகத் தனியாக மேலே போன அன்று, என்னை ஒட்டி ஒருவருமில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன் என்பது நாலாவது வளைவில்தான் உறைத்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன்.

போன வருஷம் ஆயுத பூஜை முடிந்து மூன்று வாரம் இருக்கும். ஸ்டியரிங்கில் வைத்த பொட்டுகூட அழியவில்லை. பனிக்குள் வண்டி நுழைந்ததும் மீட்டர் போர்டு சாமியாட ஆரம்பித்தது. நாலு கதவும் திறந்திருக்கிறது என்றது. ஆளில்லாத சீட்டுக்குப் பெல்ட் போடச் சொல்லிக் கத்தியது. எஞ்சின் கொதிக்கிறது என்றது, டீசல் துளிகூட இல்லை என்றது. மெட்டு செக்போஸ்ட்டில் நிறுத்தினேன். வேகமுள் எழுபதில் நின்றது. ஜன்னலில் குனிந்த காவலர் அதைப் பார்த்தார், என் சக்கரத்தைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார்.

"சேச்சி, வண்டி நின்னுதானே இருக்கு?"

"நின்னுதான் இருக்கு."

"பின்னே எழுவது காட்டுது?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்," என்றேன். பாவம், அவர் எதற்கும் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

இறங்கிப் போடிக்கு வந்தால் வெயில் பட்டதும் மீட்டர் பச்சைப்பிள்ளை மாதிரி அடங்கிவிடும். என் கணவர் அதைத்தான் பார்ப்பார். மலையில் ஏறும்போதும் இறங்கும்போதும் அவருக்குக் கண் மூடியிருக்கும், காதில் அந்தக் கீங் கீங் மட்டும் விழும்.

"நீ எதையோ அமுக்கிட்ட," என்றார்.

"நான் எதையும் அமுக்கலைங்க."

"அமுக்காம அது ஏன் கத்துது? நீ ஓட்டுற ஓட்டுல வண்டியே பயந்துபோய்க் கத்துதுடி."

இரண்டு வாரம் இதே பேச்சு. கடைசியில் ஒரு திங்கட்கிழமை, தோசையைப் பிய்த்துக்கொண்டே முடிவைச் சொன்னார். சிலமலையில் இருக்கும் தன் அக்கா மகனுக்கு வண்டியைக் கொடுத்துவிடப் போகிறாராம். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போவானாம். நான் பழையபடி ஜீப்பில் போகலாமாம். அவர் தட்டில் போட வேண்டிய அடுத்த தோசையை நானே தின்றேன்.

இனி நான் செய்த மடத்தனத்தையும் சொல்லிவிட வேண்டும். எங்களுக்கு எது நனைந்தாலும் ஏலக்காயைச் சூட்டில் உலர்த்தும் ஸ்டோர்தான் வைத்தியசாலை. செல்போன் நனைந்தால் அங்கே, செருப்பு நனைந்தால் அங்கே, மகளின் பரீட்சை நோட்டு நனைந்தபோதும் அங்கேதான். பனியில்தானே இந்த மீட்டருக்குக் கிறுக்குப் பிடிக்கிறது? மறுநாளே தெரிந்த ஜீப் டிரைவரை வைத்து மீட்டர் போர்டைக் கழற்றி, பச்சைக்காய்த் தட்டில் காயோடு காயாக அரை நாள் வைத்தேன். மாட்டியதும் ஜம்மென்று வேலை செய்தது. ஊருக்கே கேட்கிற மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கினேன்.

இரண்டே நாள். வியாழக்கிழமை காலைப் பனியில் மறுபடி நாலு கதவும் திறந்துகொண்டன. இப்போது வண்டிக்குள் பாயச வாசனை வேறு.

"ஏலக்காயாடி அது? உலர்த்தித் தரம் பிரிச்சு ஏலத்துக்கு அனுப்பப் போறியா?" என்று கேட்டார் என் கணவர். வாழ்க்கையில் அவர் சொன்ன ஒரே நல்ல நகைச்சுவை. சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அவரையும் இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் ஒரு கடைக்குப் போனேன். முன்பு எலக்ட்ரானிக் தராசு ரிப்பேர் பார்த்தவர், இப்போது கார் மீட்டரும் பார்க்கிறார். காரைக் கடை வாசலில் நிறுத்தி, மீட்டரைக் கழற்றி, நீள வயர் கொடுத்து மேசைமேல் வைத்து ஓடவிட்டார். பேட்டரியைப் பார்த்தார், எர்த் வயரைச் சுரண்டி முறுக்கினார். எல்லாம் சரியாக இருந்தது. மீட்டரும் உத்தமன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தது.

"இதுல ஒண்ணும் கோளாறு இல்லையேக்கா."

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அவரை அங்கேயே உதைத்திருக்கலாம்.

"மேல வாங்கண்ணே, காட்டுறேன். பனியில மட்டுந்தான் ஆடும்," என்றேன். "நாளைக்கு வண்டியத் தூக்கிட்டுப் போயிருவாங்க."

"கடையப் பூட்டிட்டு மெட்டுக்கு வர முடியுமாக்கா?" என்று தலையைச் சொறிந்தவர், பக்கத்து இட்லிக் கடையைப் பார்த்தார். அங்கே அப்போதுதான் கொப்பரையின் மூடியைத் திறந்தார்கள். ஆவி குபுகுபுவென்று வந்தது. "பனிதான வேணும்?" என்றார்.

வயரோடு மீட்டரைத் தூக்கிப்போய், இட்லிக் கொப்பரைக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்தார். இட்லிக்கார அம்மா, "ஏப்பா, என் ஈடு ஆறிப்போகுதுப்பா, வெரசா முடி!" என்று கத்தினார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையோடு எழுந்து வந்தார்கள். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு கீங். ஒரு கதவு திறந்தது. இன்னொரு கதவு. டீசல் காலி. முள் துள்ளி எழுபதில் நின்றது.

"பாருங்க! கண்ணத் தொறந்து பாருங்க!" என்று இட்லிக் கடை வாசலில் நான் குதித்தேன்.

என் கணவர் முதன்முறையாகப் பார்த்தார். வாய் பிளந்தார். ஆனாலும் விடவில்லை. "ஸ்டோர்ல போட்டு வேகவச்சேல்ல, அதான் இப்பிடி."

"அது ஆட்டம் போட ஆரம்பிச்ச பிறகுதான வச்சேன்!"

நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்க, ரிப்பேர்க்காரர் திருகுகளைக் கழற்றிப் பின்மூடியைத் திறந்தார். திறந்தவர் சிரிக்கத் தொடங்கினார். உள்ளேயிருந்த பச்சை சர்க்யூட் பலகையின் ஓரம் முழுக்கச் சந்தனம் வழிந்து காய்ந்து அடை கட்டியிருந்தது. அதற்குமேல் குங்குமம். வயர் சொருகும் இடத்துக்கு உட்புறம் காய்ந்த ரோஜா இதழ் ஒன்று ஒட்டியிருந்தது.

"யாருண்ணே இதுக்கு அபிஷேகம் பண்ணது?"

என் கணவரின் கை தானாகத் தன் நெற்றிக்குப் போனது. ஆயுத பூஜையன்று மற்றவர்கள் பம்பரில் பொட்டு வைப்பார்கள். இவர் மட்டும், மூளை எங்கே இருக்கிறதோ அங்கே வைக்க வேண்டும் என்று மீட்டர் போர்டுக்குச் சந்தனம் பூசி, பூப்போட்டு, சொம்புப் பன்னீரை மேலே விட்டார். பக்கத்தில் நின்று மணி ஆட்டியவள் நான். எனக்கும் அது அப்போது தோன்றவில்லை. காய்ந்த சந்தனம் பனி பட்டதும் ஈரத்தை இழுத்து, கம்பிக்குக் கம்பி தப்பாகப் பேச வைக்கிறது என்று ரிப்பேர்க்காரர் விளக்கினார்.

"சாமிக்குச் செஞ்சது எப்பிடிக் கெடுதலாகும்?" என்றார் என் கணவர், யாரையும் பார்க்காமல்.

"சாமிக்கு மீட்டர் எதுக்குண்ணே?"

ஸ்பிரிட்டும் பிரஷ்ஷும் வைத்து ஒரு மணி நேரம் துடைத்தார். பலகையில் பச்சை பிடித்த இரண்டு கம்பிக் கால்களுக்குப் புது ஈயம் வைத்தார். மறுபடி இட்லி ஆவி. முள் பூஜ்யத்தில் அசையாமல் நின்றது. வேடிக்கை பார்த்தவர்கள் கை தட்டினார்கள்.

அந்த நேரம் பார்த்து அக்கா மகன் போன் செய்தான். நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டான். என் கணவர் சந்தனம் ஒட்டிய துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இரு மாப்ளே. வண்டி அத்தையோடது. அவகிட்டயே கேளு," என்று போனை என்னிடம் நீட்டினார்.

வாங்கினேன். "தர்றதா இல்ல மாப்ளே. நாளைக்கு நான் மேல போகணும்," என்றேன்.

மறுநாள் காலை அவரும் வருகிறேன் என்று ஏறிக்கொண்டார். அடிவாரம் தாண்டியதும் எலுமிச்சம்பழம் மூக்குக்குப் போனது. ஆனால் ஒரு கண் மட்டும் மூடவில்லை. அதை மீட்டர்மேலேயே வைத்திருந்தார். "இருவத்தஞ்சு," என்றார். அடுத்த வளைவில், "இருவது." முகம் வெளிறிக்கொண்டே வந்தது. கண்ணை மூடுங்கள் என்றேன், கேட்கவில்லை. ஆறாவது வளைவில் பனி கண்ணாடியை அப்பியது.

"பதினெட்டு," என்றார். "பதினெட்டுத்தாண்டி காட்டுது. நிறுத்து."

இறங்கினார். முடித்து, வாயைக் கொப்பளித்து, துண்டால் துடைத்துக்கொண்டு ஏறிக் கதவைச் சாத்தினார். மீட்டரில் கதவு விளக்கு அணைந்தது. அது அணைகிறதா என்று குனிந்து பார்த்த பிறகுதான் சீட்டில் சாய்ந்தார்.

"ம், நீ ஓட்டு," என்று சொல்லி இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டார்.