எழுந்து போகாத அக்கா

கடிகாரத்தை ஒரு மணிநேரம் பின்னுக்குத் திருப்பிய வாரத்து வியாழக்கிழமை, லண்டன் குட்மேய்ஸில் எங்கள் கட்சிக் கிளை கூடியது. கவுன்சில் தேர்தலில் கட்சி வேட்பாளராக யார் விண்ணப்பிக்கலாம் என்பதற்கு விதி வகுக்க வேண்டும்.

தலைவர் வெள்ளைக்காரர். "போட்டியிட நினைப்பவர்கள் வெளியே இருங்கள். விதிக்கு வாக்களிப்பவர் பிறகு போட்டியிட முடியாது" என்றார். இரண்டு பேர் எழுந்து போனார்கள். என் பக்கத்தில் இருந்த எங்கள் தெரு அக்கா அசையவில்லை. அவர் தேர்தலில் நிற்கப்போவது தெருவுக்கே தெரியும். ஆனால் தமிழர்களான நாங்கள் கோயில் நிர்வாகசபையில் பழகியவர்கள். அங்கே தன்னைத் தானே முன்னிறுத்துவது வெட்கக்கேடு. இன்னொருவர்தான் முன்மொழிய வேண்டும்.

ஓராண்டாவது உறுப்பினராக இருந்திருக்க வேண்டும் என்ற விதிக்கு எல்லோரும் கை உயர்த்தினோம். அக்காவும் உயர்த்தினார். உடனே நான் எழுந்து அவர் பெயரை முன்மொழிந்தேன். தலைவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். வாக்களித்துவிட்டாரே, இனி முடியாது என்றார்.

பஸ் தரிப்பில் அக்கா கேட்டார்: "தம்பி, நான் எழும்பிப் போயிருந்தா நீங்களெல்லாம் என்ன சொல்லியிருப்பியள்?"

"பதவிக்கு அலையிறா எண்டுதான், அக்கா."

"அப்ப என்னை எங்கை இருக்கச் சொல்லுறியள்? கதவு நிலையிலையோ?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தலைவரின் விதி நியாயமானது. எங்கள் வழக்கத்திலும் பிழை காண முடியவில்லை. பிறகு ஏன் அக்கா நிற்க முடியாமல் போனது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.