யாரும் எடுக்காத தண்ணீர்

வெருகலுக்குக் கிட்டவுள்ள ஒரு சின்ன ஊரில் எங்கள் திருச்சபை குடிதண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒன்றைப் பொருத்தியது. அங்கத்தைய கிணறுகள் உவர். இயந்திரத்தை ஓட்டவும், ஊர்ப் பெண் ஒருவருக்கு அதைப் பழக்கிக் கொடுக்கவும் என்னை அனுப்பினார்கள். நான் மன்னார்ப் பக்கத்தவள். திருகோணமலையில் துறைமுகத்துக்கு அருகே அறை எடுத்துத் தனியாக இருந்தேன். வாரநாட்களில் இயந்திரக் கொட்டிலோடு ஒட்டிய அறையில் தங்குவேன். சனிக்கிழமைகளில் தோப்பூர், மூதூர் வழியாக பஸ்ஸில் திரும்புவேன்.

திறப்பு விழாவுக்கு ஊரே வந்தது. மறுநாள் ஒருவரும் வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை. காலையில் இயந்திரத்தை ஓடவிடுவேன், தாங்கி நிரம்பும், நிறுத்துவேன். பிறகு வாசலில் கதிரையைப் போட்டு இருப்பேன். பெண்கள் தண்ணீர்க் கான்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு என்னைக் கடந்து பழைய கிணற்றுக்குப் போவார்கள். போகும்போது சிரிப்பார்கள். ஒருவருக்கும் என்மேல் கோபமில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. சில நாட்களில் பின்னேரம் வரை வாய் திறந்து ஒரு சொல் பேசியிருக்கமாட்டேன்.

ஒருநாள் எதிர்வீட்டு அம்மா வந்தார். சிறுநீரக வருத்தத்தில் கணவனை இழந்தவர்.

"பிள்ளை, இந்தத் தண்ணி எடுத்தா நாங்களும் சேர்ச்சுக்கு வரவேணுமோ?"

"இல்லை அம்மா. ஒருத்தரும் வரத் தேவையில்லை."

"அப்ப ஏன் அந்த போட்?"

வாசலுக்கு மேலே சிலுவையும் சபையின் பெயரும் எழுதிய பெரிய பலகை இருந்தது.

"முருகனுக்கு விரதம் பிடிக்கிற ஆக்கள் நாங்கள். அதுக்குக் கீழால வந்து தண்ணி எடுக்க ஏலாது. குறை நினைக்காதேங்கோ."

போதகருக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"போட் இல்லாட்டி, காசு உதவி செய்த ஆக்களுக்கு என்னத்தைக் காட்டுறது தங்கச்சி? ஜெபம் பண்ணுங்கோ," என்றார்.

ஜெபம் பண்ணினேன். சிறு வயதிலிருந்து நான் நேசித்த அடையாளம் அது. அதன் கீழே இருந்துகொண்டே, அது அங்கே இல்லாவிட்டால் நல்லது என்று நினைத்தேன். அதை யாரிடம் சொல்வது?

சில வாரங்களின் பின் போதகரே மோட்டார் சைக்கிளில் வந்தார். இன்னொரு கதிரையில் மத்தியானம் வரை என்னோடு இருந்தார். சைக்கிள்கள் போயின. அவர் வணக்கம் சொன்னார். அவர்களும் சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியில், "ஸ்குரூ டிரைவர் கிடக்கோ?" என்று கேட்டார். கதிரையில் ஏறி, தானே பலகையைக் கழற்றி, அறைக்குள் கொண்டுபோய்ச் சுவரோடு சாத்தினார். அதன் முன்னால் கொஞ்ச நேரம் தலை குனிந்து நின்றார்.

முதலில் எதிர்வீட்டு அம்மா வந்தார். பிறகு மற்றவர்களும். கொட்டில் வாசலில் கதையும் சிரிப்புமாக இருக்கும். நான் கிட்டப் போனால் கதை நின்று, மரியாதை தொடங்கும். அந்த அம்மாவே இயந்திரத்தைப் பழகினார். கொட்டில் பூட்டின் திறப்பை அவரிடம் கொடுத்த அன்று, "இடைக்கிடை வந்து போங்கோ பிள்ளை," என்றார். ஓம் என்றேன். போவதற்கு எனக்கு அங்கே வேலை ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிய, சபை மூப்பர் ஒருவர் விசாரித்தார்.

"அங்க ஆக்கள் வரத் தொடங்கிட்டினமாம்?"

"ஓம் ஐயா, தண்ணிக்கு எல்லாரும் வருகினம்."

"அதைக் கேக்கேல்லை," என்றார் அவர்.

எல்லோரும் தேநீருக்குப் போனார்கள். நான் கடற்கரைத் தெருவால் அறைக்கு நடந்தேன்.