குட்டியின் மூக்கு

வரலட்சுமிக்கு நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

தையல் கம்பெனியில் பாத்ரூம் போவதென்றால்கூட சூப்பர்வைசரிடம் கெஞ்ச வேண்டும். அந்த ஆத்திரத்தையெல்லாம், வியாசர்பாடி ஹவுசிங்போர்டு வீட்டுக்குள் மூத்திரம் போன நாய்க்குட்டிமேல்தான் காட்டினாள். "இன்னொரு தபா வூட்ட கலீஜ் பண்ணுவியா?" என்று தினமும் அதன் மூக்கை ஈரத்தில் தேய்த்தாள். ஒரே வாரத்தில் குட்டி கற்றுக்கொண்டது. மாடி முழுக்கச் சொல்லிப் பெருமையடித்தாள்.

நேற்று ஓவர்டைம் முடிந்து மூன்று மணி நேரம் தாமதமாக வந்தாள். கதவைத் திறந்தபோது தரை காய்ந்தேயிருந்தது. குட்டி மூலையில் அடக்கிக்கொண்டு நடுங்கியது. "ஐயோ, வாடா கண்ணு" என்று வாரிக்கொண்டு ஓடினாள். வாசலைத் தாண்டுமுன் புடவை நனைந்து தரையிலும் சொட்டியது.

இறக்கிவிட்டாள். திட்டவில்லை, கையும் ஓங்கவில்லை. குட்டி தானாகவே குனிந்து, அந்த ஈரத்தில் மூக்கைத் தேய்த்துக்கொண்டது.