ஆம்ஸ்டர்டாமில் தவறிய விமானம்

1. மூன்று ஆண்டுகளுக்கு முன், மார்ச் மாதக் கடைசி. குவைத்தின் அப்பாசியாவில் ஐந்து பெண்கள் ஒரே ஃபிளாட்டில் இருந்தோம். எங்களில் ஒருவர் குமரிக் கடற்கரைப் பக்கத்து நர்ஸ் அக்கா.

2. அக்காவுக்கு டப்ளினில் ஒரு மருத்துவமனையில் நேர்முகத் தேர்வு, திங்கள் காலை. சனி இரவு கிளம்பி, ஆம்ஸ்டர்டாமில் விமானம் மாற வேண்டும்.

3. நான் அவருக்கு ஒரு பயணப் பட்டியல் போட்டுக் கொடுத்தேன்.

4. அதை நம்பிப் போனதால் இரண்டாவது விமானத்தைத் தவறவிட்டார்.

நான் பொறியாளர். ஆம்ஸ்டர்டாமிலிருந்து டப்ளின் ஏறத்தாழ எழுநூற்றைம்பது கிலோமீட்டர், பறக்கும் நேரம் ஒன்றரை மணி என்பதுவரை எழுதியிருந்தேன்.

"டிக்கெட்லயே டைம் போட்டிருக்கே மக்கா?" என்று அக்கா கேட்டார்.

"அது அந்தந்த ஊர் டைம் அக்கா, குழம்பிடுவீங்க. வாட்ச்ச மாத்தாதீங்க."

ஆம்ஸ்டர்டாம் நேரங்களோடு இரண்டு மணி கூட்டி, குவைத் நேரமாக்கினேன். 'அங்குள்ள கடிகாரங்களைப் பார்க்க வேண்டாம்' என்று கடைசி வரியில் எழுதி அடிக்கோடும் இட்டேன்.

ஞாயிறு பகலில் போன் வந்தது. "நீ எழுதின பத்தேமுக்காலுக்கு கேட்டுக்கு வந்துட்டேன் மக்கா. பிளேன் போயாச்சுன்னு சொல்லுதாவ." அடுத்த இருக்கை திங்கள் மதியம்தான் கிடைத்தது. தேர்வு முடிந்திருக்கும்.

பட்டியலை எடுத்துப் பார்த்தேன். கூட்டல் சரியாக இருந்தது.

"நல்லா யோசிங்க அக்கா. கண் அசந்துட்டீங்களா?"

"தெரியல மக்கா. இருக்கும்."

மறுநாள் அலுவலகத்தில் ஜெர்மன்காரர்களோடு தொலைபேசிக் கூட்டம். அப்போதுதான் உறைத்தது. அந்த ஞாயிறு அதிகாலை, அக்கா வானத்தில் இருந்தபோது, ஐரோப்பா முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியிருந்தார்கள். வளைகுடாவில் அந்த வழக்கம் இல்லை; வித்தியாசம் ஒரு மணியாகக் குறைய, என் பட்டியல் ஒரு மணி நேரம் பிந்திவிட்டது. ஆனால் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. அதை நினைவூட்டி முந்தைய வாரமே மெயில் வந்திருந்தது. அப்போதே என் கூட்டத்தின் நேரத்தை மாற்றி வைத்தேன். அக்காவின் பட்டியல் நினைவுக்கே வரவில்லை.

அக்கா திரும்பி வந்ததும் ஃபிளாட்டில் ஒரே கேலி. "போர்டிங் பாஸைப் பிடிச்சுட்டே தூங்குனது நீங்க ஒருத்திதான்!" அக்காவும் சிரித்தார். நான் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டேன். ஒன்பது நாள் வாயே திறக்கவில்லை.

பத்தாம் நாள் சமையலறையில் சொன்னேன். அக்கா அடுப்பை அணைத்தார்.

"பிளேன் போனா போட்டும். நான் உறங்கல்லன்னு எனக்குத் தெரியும். நீ அப்படிக் கேட்டதும் எனக்கே சந்தேகம் வந்துட்டு. அன்னையிலேருந்து டூட்டியில ஒவ்வொரு மருந்தையும் மூணு தடவ பாக்கேன் மக்கா."

ஒரு மணி நேரத்தை மறந்தது வெறும் பிழை. தன் வேலையில் இருபது ஆண்டு தவறாத ஒருவரைத் தன்னையே சந்தேகிக்க வைத்தேனே, அதற்குப் பெயர் வேறு.

டப்ளினிலிருந்து மறுபடி அழைப்பு வரவில்லை. அக்கா அதே வார்டில்தான் வேலை செய்கிறார். இன்னும் மூன்று தடவை பார்க்கிறார்.